நமக்கு வேண்டிய காப்புரிமை முகவர்

சங்க அங்கத்தினர்களிடம், "உங்கள் தொழில் நடைபெறுவதற்கு வேண்டியவர்கள் யார் யார்?" என்று கேட்டால், காரியதரிசி, கணக்கர், தணிக்கையாளர், தரம் பார்ப்பவர், விற்பனையாளர் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் வக்கீலையும் சேர்த்துக்கொள்வார்கள். காப்புரிமை முகவர் என்று ஒருவர் இருக்கிறார், அவரும் நமக்கு வேண்டியவரே என்று எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. நீலகிரியிலும் மலையடிவாரத்திலும் சங்கங்களைப் பார்வையிட்டு வரும் எனக்கும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்த எண்ணம் இருந்ததில்லை.

பேடண்ட் என்று பலரும் வழங்கும் காப்புரிமை யாதெனில், ஒரு புதிய கருவியையோ செய்முறையையோ கண்டவர், அதனை முழுவதும் விளக்கி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பம் செய்த நாள் முதல் 20 ஆண்டுகள் வரை, அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதனைச் செய்யவோ பயன்படுத்தவோ விற்கவோ கூடாது என்னும் உரிமையை அரசாங்கம் அவருக்கு அளிக்கிறது. காலம் முடிந்ததும் அது ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடுகிறது. இந்த எழுத்து வேலையைக் கண்டுபிடித்தவர் சார்பில் செய்து, காப்புரிமை அலுவலகத்தின் வினாக்களுக்கு விடையளித்து, உரிமையைப் பெற்றுத் தருபவரே காப்புரிமை முகவர். அவரே வழக்கறிஞராகவும் இருப்பின் நீதிமன்றத்திலும் வாதாடுவார்.

இத்தகையவர் என்ன படித்தவராக, எங்கிருந்து வந்தவராக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இயந்திரத்தைக் கையால் தொட்டறிந்து, பின்னர் சட்டம் பயின்றவரே இத்தொழிலுக்கு ஏற்றவர். அத்தகையவர்களை நமது தறி வீடுகளிலிருந்தும் தேயிலைச் சரிவுகளிலிருந்தும் நமது சங்கங்களே உருவாக்குதல் வேண்டும்.

ஒரு பிட்டரின் அனுபவம்

என்னை இவ்வாறு எண்ணச் செய்த நிகழ்ச்சியைக் கூறுகிறேன். ஊர், பெயர் முதலியன வேண்டாம்.

மலைப்பகுதித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். சிறு விவசாயிகள் மூட்டையாகக் கொண்டுவந்து சேர்க்கும் பச்சைக் கொழுந்தில் கல், கம்பித் துண்டு, காய்ந்த குச்சி எல்லாம் கலந்து வருவதும், அவை சி.டி.சி. உருளைகளின் பற்களைக் கெடுப்பதும் அங்கத்தினர் அறிந்ததே. உருளையைக் கழற்றிப் பல் தீட்டும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழுகிறது. முடிவில் அது கொழுந்து விலையில்தான் பிடிபடுகிறது. இப்பெரியவர் பழைய விசிறி ஒன்றையும் சல்லடைத் தகட்டையும் கொண்டு ஒரு கருவி செய்தார். கீழிருந்து வரும் காற்று கொழுந்தைத் தூக்கி முன்னே கொண்டுசெல்லும். கனமான கல் சரிவில் பின்னோக்கி இறங்கிவிடும். கம்பித் துண்டை ஒரு காந்தப் பட்டை பிடித்துக்கொள்ளும். ஓடும்போது அதனைப் பார்த்தவர்கள் வாயடைத்து நின்றார்கள்.

அவருக்கு வேண்டிய வக்கீல் ஒருவர் இருந்தார். நிலத் தகராறுகளில் பெயர் பெற்றவர். உள்ளன்போடு உதவ முன்வந்தவர். ஒரு காசும் வாங்கவில்லை. காப்புரிமைக்கான விளக்கத்தை அவரே எழுதிக் கொடுக்க, பெரியவர் தம் கையொப்பமிட்டு அனுப்பினார். நிலப் பத்திரம் எழுதிப் பழகிய கை, கருவியையும் பத்திரம் போலவே எழுதிற்று. நான்கு எல்லையும் தவறாமல் குறித்தது. 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள மரச் சட்டம், அதன் அடியில் ஒரு விசிறி, மேலே ஒரு தகடு என்று உரிமைக் கோரிக்கை அமைந்தது. சில ஆண்டுகள் கழித்து உரிமையும் கிடைத்தது. சட்டம் போட்ட சான்றிதழைப் பெரியவர் வீட்டுச் சுவரில் மாட்டினார்.

அதன் பின்னர் சமவெளி நகரொன்றின் வியாபாரி அதே வேலையைச் செய்யும் கருவியை விற்கத் தொடங்கினார். இரும்புச் சட்டம், 5 அடி நீளம், இரண்டு விசிறி. பெரியவர் சான்றிதழைக் கழற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் கோயமுத்தூரில் ஒரு காப்புரிமை முகவரைத் தேடிப் பிடித்து அவரை அழைத்துச் சென்றேன்.

அந்த முகவர் இளவயதுப் பெண்மணி. நெசவாளர் வீட்டுப் பெண், இயந்திரவியல் பொறியாளர், இரண்டு ஆண்டுகள் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபின் முகவர் தேர்வில் தேறி, அதன் பிறகே சட்டமும் படித்தவர். சான்றிதழை அவர் உடனே கையில் வாங்கவில்லை. "ஐயா, கருவி எப்படி ஓடுகிறது என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். பெரியவர் தாளில் கோடிழுத்துக் காட்டினார். முழுவதையும் கேட்டபின், "இதில் எதை எடுத்துவிட்டால் வேலை நின்றுபோகும்?" என்று வினவினார்.

பெரியவர் தயங்கவில்லை. "சட்டம் மரமானால் என்ன, இரும்பானால் என்ன அம்மா! காற்று எந்தச் சாய்வில் வந்து தகட்டில் மோதுகிறது என்பதுதான் கணக்கு. அது தப்பினால் கல்லும் கொழுந்தும் ஒன்றாகவே போகும்" என்றார்.

பிறகுதான் அவர் சான்றிதழைப் படித்தார். சாய்வைப் பற்றி உரிமைக் கோரிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. கருவியின் உயிரை விட்டுவிட்டு உடம்பின் அளவை மட்டும் காப்பாற்றியிருந்தது அந்தப் பத்திரம். வழக்குத் தொடுத்தால் வெல்வது மிகவும் அரிது என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இப்போது திருத்திக்கொள்ளலாகாதா என்று நான் கேட்டேன். ஏற்கெனவே கோரிய எல்லைக்கு உட்பட்டே திருத்தம் செய்யலாம், எல்லையை அகலப்படுத்தச் சட்டம் இடம் தராது என்று விளக்கினார்.

உழைப்பிலும் அறிவிலும் பெரியவரிடம் குறையில்லை. வக்கீலிடம் நேர்மைக் குறைவும் இல்லை. கருவியின் பாஷை அறியாத ஒருவர் எழுதினார் என்பதே நேர்ந்த குறை.

சட்டம் விதிக்கும் தகுதி

இதனைச் சட்டமும் ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126 ஆவது பிரிவின்படி, முகவராகப் பதிவு பெற விரும்புபவர் இந்தியக் குடிமகனாகவும் 21 வயது நிறைந்தவராகவும் இருத்தல் வேண்டும். அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். டிப்ளமா போதாது. அதன்மேல் அரசாங்கம் நடத்தும் தகுதித் தேர்வில் தேறுதல் வேண்டும். அத்தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்களும் ஒரு வாய்மொழித் தேர்வும் உண்டு. முதல் தாள் சட்டத்தையும் விதிகளையும் பற்றியது. இரண்டாவது தாள் கண்டுபிடிப்பு விளக்கத்தை எழுதவும் பொருள் கொள்ளவும் தெரியுமா என்று சோதிப்பது. காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராகவோ கட்டுப்பாட்டாளராகவோ 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

இதில் கவனிக்கத்தக்கது, முகவராவதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை என்பதே. வேதியியலோ தாவரவியலோ இயற்பியலோ படித்த பட்டதாரி, சட்டக் கல்லூரி வாயிலை மிதிக்காமலே இத்தேர்வை எழுதலாம். வழக்கறிஞர்கள் தேர்வின்றிப் பதிவு பெற முன்னர் ஒரு வழி இருந்தது. 2005 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்தது. அத்திருத்தம் செல்லாதென 2013 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்களின் உரிமையைப் பற்றிய வாதம் அது. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. உரிமை யாருக்கு உண்டென்பது ஒரு கேள்வி; நமது வேலைக்கு ஏற்றவர் யார் என்பது வேறொரு கேள்வி. பின்னதற்குப் பெரியவரின் சுவரில் தொங்கும் சான்றிதழே விடை கூறும்.

முன்னோர் வந்த வழி

நம் நாட்டில் காப்புரிமைக்கான முதல் சட்டம் 1856 இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தவர் கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர். கூரையில் தொங்கும் பங்காவை இழுப்பதற்கான இயந்திரம் அவர் கண்டுபிடிப்பு. அவர் சட்டப் புத்தகத்தோடு வந்தவரல்லர், கட்டடப் பொறியாளர். தமக்காக விண்ணப்பம் எழுதத் தொடங்கியவர் பிறருக்கும் எழுதிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் அதே தொழிலை நடத்தி வருகிறது. ஆக, இந்தியாவில் இத்தொழில் பிறந்தபோதே, கருவி செய்யத் தெரிந்தவரிடமிருந்து பிறந்தது.

அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1930 இல் இயற்பியலில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் ஒரு மின்சாதன நிறுவனத்தின் காப்புரிமைப் பகுதியில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் அலுவலகம், இரவில் சட்டக் கல்லூரி. விளக்கப் பத்திரங்களுக்கும் படங்களுக்கும் பிரதி எடுத்து அலுத்துப்போன அவர், பிரதி எடுப்பதற்கே ஒரு வழி காண முற்பட்டு, 1938 அக்டோபர் 22 ஆம் நாள் உலர்முறையில் முதல் பிரதியை எடுத்துவிட்டார். ஊர்தோறும் நாம் காணும் ஜெராக்ஸ் கடைக்கு மூலம் அதுவே. பெரும் விஞ்ஞானி ஐன்ஸ்டீனும் 1902 முதல் 1909 வரை சுவிட்சர்லாந்து நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராக இருந்தவர் என்பது பலரும் அறிந்த செய்தி.

தேயிலைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பழைய தேயிலை உலர்த்திகளில் சிராக்கோ என்ற பெயரைக் கண்டவர்கள் நம்மிடையே இருப்பார்கள். அதனை ஆக்கிய சாமுவேல் டேவிட்சன் கச்சார்த் தேயிலைத் தோட்டத்துக்கு 1864 இல் வேலைக்கு வந்த அயர்லாந்து இளைஞர். தோட்டத்தில் கரியடுப்பின் மேல் இலை வாட்டும் துன்பத்தைக் கண்டு, சூடான காற்றால் உலர்த்தும் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்று, 1881 இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை நிறுவினார். சி.டி.சி. இயந்திரமும் 1930 இல் அஸ்ஸாமில் அம்குரித் தோட்டத்தில் மக்கெர்ச்சர் என்ற தோட்ட அதிகாரியால் ஆக்கப்பட்டதே. இலையோடு பழகியவர்களே தேயிலை இயந்திரங்களைக் கண்டார்கள். அவர்களுக்குத் தங்கள் தொழிலைப் புரிந்துகொண்டு எழுதித்தர வல்லவர்கள் கிடைத்தார்கள். நம் பிட்டருக்குக் கிடைக்கவில்லை.

நெசவுத் தொழிலில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். ஜான் கே என்ற ஆங்கிலேயர் விசை நாடாவுக்கு 1733 இல் காப்புரிமை பெற்றார். துணி உற்பத்தியாளர்கள் பணம் கொடாமலே அதனைப் பயன்படுத்தியதோடு, அவர் போடும் வழக்குகளை எதிர்க்கத் தங்களுக்குள் சங்கம் கூட்டிச் செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள்! வழக்காடியே செல்வம் கரைந்த அவர் பிரான்ஸ் நாட்டில் வறுமையில் மாண்டார். பறிப்பவர்கள் ஒன்று கூடத் தெரிந்திருந்தார்கள்; படைத்தவர் தனித்து நின்றார். கூட்டுறவாளர்களாகிய நாம் இதிலிருந்து பாடம் கற்றல் வேண்டும்.

மொழி என்னும் தடை

காப்புரிமை விண்ணப்பத்தை ஒருவர் முகவரின்றித் தாமே தாக்கல் செய்யலாம். சட்டம் அதனைத் தடுக்கவில்லை. மின்னணு வழியில் தாக்கல் செய்யத் தனி மனிதருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கு வேறு கட்டணம் உண்டு. ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருத்தல் வேண்டும். தமிழில் எண்ணி, தமிழில் கருவி செய்தவர், வேறு மொழியில் தம்மை விளக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். அந்த மொழிமாற்றத்தில்தான் முகவரின் பின்னணி முழுவதும் வெளிப்படுகிறது.

ஒரு சொல்லைப் பாருங்கள். அச்சு என்றால் நெசவாளிக்குப் பாவு நூல் ஊடுருவிச் செல்லும் சீப்பு, வண்டிக்காரருக்குச் சக்கரம் சுழலும் தண்டு, அச்சகத்தாருக்கு எழுத்து, வெல்லம் காய்ச்சுபவருக்கு வார்ப்புப் பலகை. "அச்சை மாற்றி அமைத்தேன்" என்று ஒரு நெசவாளி சொல்ல, அதனை அகராதி பார்த்து எழுதுபவர் என்ன எழுதுவார்? விழுது, பாவு, ஊடை, நாடா என்பவற்றைத் தறி வீட்டில் வளர்ந்தவர் கேட்டவுடன் அறிவார். வாட்டல், உருட்டல், புளித்தல் என்பவற்றைத் தேயிலை வட்டாரத்துப் பிள்ளைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தொழிலறிவும் சட்ட அறிவும் மட்டுமின்றி, தொழிலாளி பேசும் தமிழ் அறிவும் சேர்ந்தாலன்றி நமக்குரிய முகவர் முழுமை பெற மாட்டார்.

கல்வியில் குறைந்தவர்கள் கண்டுபிடிப்பில் குறைந்தவர்கள் அல்லர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தெலங்கானாவின் ஆலேர் ஊரைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், போச்சம்பள்ளிச் சேலைக்கு நூல் சுற்ற ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை கையை வீசித் தோள் நொந்த தம் அன்னைக்காக ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கி, 1999 இல் அதனை முடித்தார். அன்னையின் பெயரையே அதற்கு இட்டார். பின்னர் காப்புரிமையும் பெற்றார். 2017 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பெண்களுக்கான நாப்கினை மலிவாகச் செய்யும் இயந்திரத்தை ஆக்கிக் காப்புரிமை பெற்று, 2016 இல் பத்மஸ்ரீ ஆனவர். இருவரும் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களே. இவர்களைப் போன்றவர் வேறு எத்தனை பேர் நம் சங்கங்களில் இருக்கிறார்களோ!

ஓர் ஆட்சேபம்

"கூட்டுறவு என்பது பகிர்ந்துண்பது, காப்புரிமையோ தனக்கென்று வேலி போடுவது, இரண்டும் எங்ஙனம் பொருந்தும்?" என்று சில மூத்த கூட்டுறவாளர்கள் என்னிடம் கேட்டதுண்டு. மதிக்கத்தக்க ஆட்சேபம் இது. நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959 இல் அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையும் இந்த ஐயத்தைத் தொட்டதே. இந்தியக் காப்புரிமைகளுள் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டார் கையிலிருப்பதையும், அவை இங்கே தொழிலாக நடத்தப்படாமலே கிடப்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அவ்வறிக்கையின் பயனாகவே 1970 ஆம் ஆண்டுச் சட்டம் உருவாயிற்று.

எனினும், நாம் வேலி போடாவிட்டால் நிலம் பொதுவாகவே இருந்துவிடும் என்று எண்ணுவது தவறு. 1995 இல் அமெரிக்காவில், புண்ணுக்கு மஞ்சள் தடவுவதற்கே ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சள் விவசாயியின் பாட்டிக்குத் தெரிந்த வைத்தியம் அது! நமது அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுவினர் பழைய நூல்களிலிருந்தும் ஆய்வு ஏடுகளிலிருந்தும் 32 சான்றுகளைத் திரட்டி எதிர்த்தனர். 1997 இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. வேம்பின் எண்ணெயைக் கொண்டு பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் அளிக்கப்பட்ட உரிமையும் 2000 இல் நீக்கப்பட்டு, 2005 இல் அம்முடிவு உறுதியாயிற்று. இவ்வழக்குகளை வெல்ல மஞ்சளையும் வேம்பையும் அறிந்தவரும் வேண்டியிருந்தனர், சட்டத்தை அறிந்தவரும் வேண்டியிருந்தனர். பொதுச் சொத்தைப் பொதுவாக வைத்திருப்பதற்கும் காவல் வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில், உரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இந்த வாயிலையும் முகவர் துணையின்றி நாம் பயன்படுத்துவது அரிது.

மேலும், காப்புரிமை சங்கத்தின் பேரில் இருக்கலாம். கண்டவர் பெயர் பத்திரத்தில் நிற்க, உரிமையை எழுத்து மூலம் சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். சங்கம் தன் சகோதர சங்கங்களுக்கு இலவசமாகவும், தனி வியாபாரிகளுக்குக் கட்டணத்தின் பேரிலும் அனுமதி அளிக்கலாம். வேலியின் திறவுகோல் நம் கையில் இருப்பின், திறந்து விடுவதும் நம் விருப்பமே.

புவிசார் குறியீட்டையும் காப்புரிமையையும் குழப்பிக்கொள்ளலாகாது என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். காஞ்சிபுரம் பட்டும், நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையும், 2013 இல் பதிவு பெற்ற தோடர் பூத்தையலும் பெற்றிருப்பது புவிசார் குறியீடு. அது ஓர் ஊரின் அல்லது சமூகத்தின் பெயரையும் மரபையும் காப்பது; 10 ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். தோடர் மாதர் சட்டமும் வரைபடமும் இன்றி, நூலை எண்ணியே போடும் சிவப்புக் கறுப்புத் தையலைக் காப்புரிமை காக்காது, அது பழமையானது. புதிதாகச் செய்த கருவியைக் குறியீடு காக்காது. அது ஒருவர் கண்டது. எதற்கு எந்தக் காவல் என்று சொல்லக் கூடியவர் அருகில் இருந்தால் வீண் அலைச்சல் குறையும்.

செய்ய வேண்டுவன

நமது சங்கங்கள் செய்யத்தக்கவை எவை என்பதைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் பிள்ளைகளுள் அறிவியல், பொறியியல் பட்டம் பெற்றவர்களின் பட்டியலைத் தயாரித்தல் வேண்டும். உதகை அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகளும், கோயமுத்தூரில் பொறியியல் முடித்துத் தொலைதூர நகரங்களில் தொடர்பற்ற வேலை பார்க்கும் பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இத்தொழில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிவிப்பது நம் கடமை.

இரண்டாவது, சிறு தேயிலை விவசாயிகளின் தொழிற்சாலைகளுக்காகக் குன்னூரில் 1965 இல் அமைந்த இண்ட்கோசர்வ் இணையம் போன்ற பெரிய கூட்டுறவு நிறுவனங்களும், கைத்தறிச் சங்கங்களின் மேல் நிறுவனங்களும், ஆண்டுதோறும் இரண்டு மூன்று பட்டதாரிகளைத் தேர்ந்து தகுதித் தேர்வுக்குப் படிக்க உதவித்தொகை அளிக்கலாம். அவர்கள் சில மாதங்கள் ஒரு தொழிற்சாலையில் வாட்டும் தொட்டி முதல் சலிப்பு வரையிலும், சிறுமுகை போன்ற நெசவூரில் பாவோட்டம் முதல் மடிப்பு வரையிலும் கையால் வேலை செய்து பழகுதல் வேண்டும் என்று நிபந்தனை இடலாம். தேறியபின் சில ஆண்டுகள் சங்கங்களின் வேலையைக் குறைந்த ஊதியத்தில் செய்து தர ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒரு சங்கத்துக்கு ஒரு முகவர் கட்டுப்படியாகாது. பல சங்கங்கள் சேர்ந்தால் எளிதே. கூட்டுறவின் சாரமே அதுவன்றோ?

மூன்றாவது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை. புதிய கருவி செய்தவர், விண்ணப்பம் செய்யுமுன் அதனைப் பொதுக்குழுவில் ஓட்டிக் காட்டலாகாது, படம் பிடித்துப் பரப்பலாகாது, கண்காட்சியில் வைக்கலாகாது, நமது இம்மாத இதழில் எழுதவும் ஆகாது! ஊரறிந்த பொருளைப் புதியதென்று அரசாங்கம் ஏற்பதில்லை. அரசாங்கம் அறிவித்த சில கண்காட்சிகளுக்கு விலக்கு உண்டெனினும் அதை நம்பியிருப்பது உசிதமன்று. முழு விளக்கம் ஆயத்தமாகாவிடின் தற்காலிக விளக்கத்தைக் கொடுத்து நாளைப் பதிவு செய்துகொண்டு, 12 மாதங்களுக்குள் முழு விளக்கத்தைத் தாக்கல் செய்யச் சட்டம் வகை செய்கிறது. காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. மின்னணு வழியிலும் தாக்கல் செய்யலாம்.

நான்காவது, முகவரைத் தேடிச் செல்பவர் அவருடைய பட்டங்களைக் கேட்பதோடு நில்லாமல், எந்தத் துறையில் படித்தார், எங்கே வேலை பார்த்தார் என்றும் கேட்டல் வேண்டும். மருந்துக்கு வேதியியல் அறிந்தவர், இயந்திரத்துக்கு இயந்திரவியல் அறிந்தவர் என்று பார்த்துக்கொள்ளல் நலம். கருவி எவ்வாறு ஓடுகிறது என்று வினவாமலே விலை பேசுபவரிடம் கருவியை ஒப்படைக்க வேண்டாம்.

முன்னர்க் கூறிய பெரியவரைச் சென்ற மாதம் பார்வையிடச் சென்ற வழியில் கண்டேன். சான்றிதழை மறுபடியும் சுவரில் மாட்டியிருக்கிறார். கொட்டகையில் ஏதோ தட்டும் ஓசை கேட்டது. புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று வினவினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தக் கோயமுத்தூர் அம்மாள் வந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குக் காட்டுகிறேன்" என்றார். எனக்குச் சிறிதும் மனத்தாங்கல் இல்லை. அந்த அம்மாளைப் போன்றவர் ஒருவர், கோயமுத்தூருக்கு இறங்கிப் போக வேண்டாமல், இம்மலையிலேயே கிடைக்கும் நாளை நமது சங்கங்கள் விரைவில் கொண்டுவரல் வேண்டும்.